பொடி மடித்த காகிதம்

1944 பிப்ரவரி 14, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆஸ்பத்திரி அலுவலகத்தைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். முதல் நாள் வார்டு விவரங்களைப் பெரிய ரிஜிஸ்டரில் எழுதி முடித்தேன். ஆறரைக்குச் சலவைக்காரர் வந்தார். போர்வை இருபத்திரண்டு, தலையணை உறை பதினெட்டு, துண்டு முப்பது. எண்ணி வாங்கினேன், சரியாக இருந்தது. ஏழு பத்துக்கு மைப்பெட்டியை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்கு நடந்தேன்.

அன்றைய டைரிப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. பதினொன்று பத்து வரைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நாலு மணி வரை ஒரு வரியும் இல்லை. இத்தனை வருஷ டைரியில் அப்படி வெற்றிடம் விழுந்த பக்கம் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், நம் தவறால் நோயாளிக்குக் கெடுதல் வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் எப்படித் தீர்ப்பது என்று என்னைக் கேட்டீர்கள். காகிதம் எப்படி எழுதுவது, ஸ்டாம்பு எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். நான் ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. பழகாமல் என்னோடு நின்றுபோனது அந்த வெற்றிடம்தான். அதைச் சொல்கிறேன்.

அப்போது நான் தலைமைக் குமாஸ்தா. ஸ்டோர் சாவியும் என்னிடம்தான். யுத்த காலம். காகிதம் கிடைக்காது, ரப்பர் கிடைக்காது, துணி கிடைக்காது. ஆபரேஷன் முடிந்து உடம்பு சில்லிட்டுக் கிடப்பவர்களின் காலடியில் வெந்நீர்ப் பை வைப்பது வழக்கம். ரப்பர் பைகள் கிழிந்துபோன பிறகு, கனத்த கண்ணாடி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிக் கார்க் அடைத்து வைத்தார்கள். பாட்டில் தோலைச் சுடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் கம்பளித் துணியில் தைத்த உறை உண்டு. மொத்தம் பன்னிரண்டு உறை.

ஜனவரியில் ஒரு நாள் சலவைக்குப் போன பன்னிரண்டில் எட்டுதான் திரும்பி வந்தது. வார்டில் பன்னிரண்டும் போட்டோம் என்றார்கள். சலவைக்காரர் எட்டுதான் வந்தது என்றார். கணக்கு நேராகாத பொருளை வெளியே விடுவதில்லை என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். எட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காணாமல் போன நாலுக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எட்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

வார்டு நர்ஸ் ரோசம்மா மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை, "சார், நான் எடுக்காததுக்கு நான் எப்படி சார் எழுதித் தர்றது? எட்டையாவது குடுங்க. குளிர் ஜாஸ்தியா இருக்கு" என்றார். நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, போய்விட்டார்.

அந்த வாரம்தான் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த அஞ்சலை என்ற அம்மாளுக்கு வயிற்றில் கட்டி எடுத்தார்கள். நாற்பது வயசு இருக்கும். கணவர் இல்லை. ரைஸ் மில்லில் களத்து வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, வெறுங்காலால் வரிசை வரிசையாகச் சால் பிடித்து இழுத்து இழுத்துக் கிளறிவிட வேண்டும். நாள் முழுக்க வெயிலில், சூட்டில். அந்த வேலைக்குக் கால்தான் கருவி.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மயக்கம் தெளியாமல் கிடந்தவர் காலடியில், துண்டு சுற்றிய பாட்டிலை வைத்தார்கள். துண்டு நழுவியது. மயக்கத்தில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. கண் விழித்தபோது இடது குதிகாலும் பாதமும் வெந்திருந்தன.

ரோசம்மா வார்டு ரஃப் நோட்டில் எழுதினார்: "பாட்டில் உறை இல்லை. ஸ்டோரில் மூன்று தடவை கேட்டாச்சு. உறை இருக்கு, தரவில்லை. துண்டு சுற்றினேன். துண்டு நழுவி இடது பாதம் வெந்துவிட்டது."

அதை அன்று மாலை ரிஜிஸ்டரில் எழுதியது நான். "வெந்நீர் பாட்டில் வைக்கப்பட்டது. இடது பாதத்தில் தீக்கொப்புளம் கண்டது. மருந்து போடப்பட்டது." அவ்வளவுதான். நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்டோர் விஷயம் வைத்தியத்தில் சேராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ரிஜிஸ்டரில் ஏற்றி முடித்த ரஃப் தாள்களைக் கிழித்து கம்பவுண்டரிடம் கொடுப்போம். அவர் நறுக்கி அதில் மருந்துப் பொடி மடிப்பார். காகிதப் பஞ்சத்துக்காக அந்த யோசனையைச் சொன்னதும் நான்தான். அதற்கு ஆஸ்பத்திரிக் கமிட்டியின் காரியதரிசியிடம் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பாதம் வெந்த பிறகும் எட்டு உறைகளை நான் வெளியே எடுக்கவில்லை. இப்போது கொடுத்தால், முன்னாலேயே ஏன் கொடுக்கவில்லை என்று கேள்வி வரும். ரோசம்மா பழைய புடவையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நர்ஸின் கவனக்குறைவு என்று கமிட்டி முடிவு செய்து, அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நான்தான் அந்த நடவடிக்கைக் குறிப்பையும் எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

அஞ்சலையின் தம்பி சிதம்பரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டான் என்று சேதி வந்ததும் காரியதரிசி பரபரத்தார். கேஸ் போவதற்கு முன்னால் ஐம்பது ரூபாய் கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கைநாட்டு வாங்கிவிட வேண்டும். காகிதத்தை அவரே எழுதினார். "ஜாஸ்தி பேசாதீங்க. கைநாட்டு வாங்கினோமா, வந்தோமான்னு இருக்கணும்" என்றார்.

சனிக்கிழமை மாலை பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தார்.

"பணம் குடுக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. என்ன நடந்ததுன்னு அந்தம்மாவுக்குச் சொல்லிட்டுக் குடுத்தா அது ஈடு. சொல்லாம குடுத்தா பிச்சை. கோர்ட்டுக்குப் போனா மூணு வருஷம் கழிச்சாவது என்ன நடந்ததுன்னு ஒருத்தர் வாய் திறந்து சொல்லணும். அதை நாம இப்பவே சொல்றதா இருந்தாத்தான் கோர்ட் வேணாம்னு அவுங்ககிட்ட கேக்க நமக்கு யோக்கியதை இருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"உங்களால சொல்ல முடியலைன்னா காகிதத்த வெறுமையாவே திருப்பிக் கொண்டாந்துடுங்க" என்றார். அவருக்கு உறை விஷயம் தெரியாது. தெரிந்தே சொல்கிறாரோ என்று எனக்கு வியர்த்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குச் சிதம்பரத்தில் கரி பஸ் ஏறினேன். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரி போட்டு, கண்டக்டர் காற்றாடியைச் சுற்றிச் சுற்றிப் புகை மூட்டுவார். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பதினொன்று பத்துக்கு அஞ்சலை வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன்.

ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை ஒரு சாக்கு மூட்டை மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்து மில் இரவு பகலாக ஓடும் மாதம். அவித்த நெல் வாசனை வீடு முழுக்க இருந்தது. தம்பி கலியபெருமாள் மில்லில் வண்டி ஓட்டுகிறவன். நான் வருவதைக் கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றான்.

"வாங்க கணக்கப்பிள்ளை. எங்க அக்கா வயித்துல இருந்த கட்டிய எடுத்து கால்ல வெச்சு அனுப்பினீங்க. இப்ப அதையும் எடுக்க வந்தீங்களா?"

"டேய் கலியா, வந்தவுங்கள உள்ள கூப்புடு மொதல்ல" என்றார் அந்த அம்மாள். "அய்யா, வெயில்ல வந்திருக்கீங்க. ஒக்காருங்க."

நான் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தேன். ஆஸ்பத்திரி சார்பில் வருத்தம் தெரிவிப்பதாகச் சொன்னேன். எதிர்பாராமல் நடந்துவிட்டது என்றேன்.

"எதிர்பாராமன்னா?" என்றான் கலியபெருமாள். "பாட்டிலு தானா நடந்து வந்து அக்கா காலாண்ட படுத்துக்கிச்சா? வைச்சது யாரு, எப்படி வைச்சாங்க, அதச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு என்னிடம் சரியான பதிலும் இருந்தது.

அந்த நேரத்தில் அஞ்சலை, கூரைக் கழியில் செருகி வைத்திருந்த ஒரு சின்னக் காகிதக் கட்டைத் தம்பியிடம் எடுத்துத் தரச் சொன்னார். பொடி மடித்துக் கொடுத்த காகிதங்கள். ஒன்றையும் எறியாமல் நீவி அடுக்கி நூல் கட்டி வைத்திருந்தார்.

"அய்யா, பொடி எப்படிச் சாப்புடணும்னு இதுல எழுதியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க. இவனுக்கு அச்செழுத்துதான் வரும், கூட்டெழுத்து வராது. ஒரு காகிதத்துல நெறைய எழுதியிருக்கு பாருங்க, அதுலதான் இருக்கணும்."

மேலே இருந்த காகிதத்தைப் பார்த்தேன். ரோசம்மாவின் சாய்ந்த எழுத்து. "ஸ்டோரில் மூன்று தடவை கேட்டாச்சு. உறை இருக்கு, தரவில்லை." ஒரு வார்த்தை விடாமல் அப்படியே இருந்தது. எந்தக் காலைப் பற்றி எழுதியதோ அந்தக் காலுக்கு உரியவர் கையிலேயே அந்தத் தாள் பொடி மடித்து வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு மூன்று வாரமாக அவர் தலைக்கு மேலே கூரையில் இருந்திருக்கிறது.

"என்னா எழுதியிருக்கு?" என்றான் தம்பி.

"பொடியை வெந்நீர்ல கலந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடணும்னு எழுதியிருக்கு" என்றேன்.

வாய் தானாகவே சொல்லிவிட்டது. அஞ்சலையின் முகம் மாறியது.

"வெந்நீர்லயா? நான் மோர்ல கலந்து இல்ல சாப்புட்டேன். எல்லாப் பொட்டலமும் மோர்லதான்."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தம்பி பாய்ந்தான். "புண்ணு இருக்கறப்ப மோரு ஆவாதுன்னு. யாரு கேக்குறா எம்பேச்ச?"

"அதனாலதான் ஆறல போலருக்கு" என்றார் அந்த அம்மாள், தன் காலைப் பார்த்து. "ஆஸ்பத்திரில அத்தனை தூரம் எழுதிக் குடுத்திருக்காங்க. நான்தான் கெடுத்துக்கிட்டேன்." பிறகு என்னிடம் கையை நீட்டினார். "எங்க வைக்கணும் அய்யா? இவன் சும்மா குதிக்கிறான். தப்பு எம்பேர்ல இருக்கறப்ப நான் என்னான்னு கேக்கறது?"

கலியபெருமாள் வெளியே போய்விட்டான். நான் மைப்பெட்டியைத் திறந்தேன். அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு ஸ்டாம்பின் மேல் அழுத்தினேன். ரேகை தெளிவாக விழுந்தது. பொடிக் காகிதத்தை, வேண்டுமென்று கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பணத்தைக் கொடுத்தேன். அவர் என்னைக் கும்பிட்டார்.

இரண்டு மணிக்குச் சிதம்பரம். கடலூர் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. காபி வாங்கினேன், பாதியில் வைத்துவிட்டேன். கீழ வீதியில் நடந்தேன். தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. கோயிலைச் சுற்றி வந்து மறுபடியும் கீழ வீதியில் நின்றேன். எங்கே போக வேண்டும் என்று கால் என்னைக் கேட்கவில்லை. பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இரண்டு காகிதமும் இருந்தன.

ரயில் வந்தது. டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டி வாசல் வரை போனேன். வழியில் நின்றதால் ஒருவர் திட்டினார். விலகி நின்றேன். ரயில் போய்விட்டது.

கைநாட்டு வாங்கியாயிற்று. கேஸ் இல்லை. காரியதரிசி சந்தோஷப்படுவார். ரிஜிஸ்டர் சரியாக இருக்கிறது. அதற்கு எதிரான ஒரே காகிதமும் என் பையில். ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. அந்த அம்மாள் இனி சாகும் வரை மோரால்தான் தன் கால் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவை நொண்டும்போதும் தம்பி அதைச் சொல்லிக் காட்டுவான். பாதம் வெந்தது ஒரு கெடுதல். இது அதற்கு மேல் இன்னொன்று. இதைச் செய்தது பாட்டில் இல்லை.

டைரியில் அடுத்த வரி: "4.00. மறுபடி காட்டுமன்னார்கோயில் பஸ்."

நான் திரும்பிப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கலியபெருமாள் மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். "என்னா, பணத்துல ஜாஸ்தி குடுத்துட்டீங்களா? எண்ணிப் பாக்க வந்தீங்களா?" என்றான்.

"உள்ளே வாப்பா. உனக்கும் சேத்துதான்" என்றேன்.

பொடிக் காகிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. "ஸ்டோர்னு இதுல எழுதியிருக்கறது நான்தான். சாவி எங்கிட்ட இருந்தது. உறையும் எங்கிட்ட இருந்தது. நர்ஸ் மேல தப்பில்ல. காலையில உங்ககிட்ட பொய் படிச்சேன்" என்றேன். கைநாட்டு வைத்த காகிதத்தைக் குறுக்கே கிழித்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

கலியபெருமாள்தான் முதலில் வாயைத் திறந்தான். என்னைச் சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டியதில்லை. நாளைக்கே வக்கீலிடம் போகிறேன் என்றான். "போ. இந்தக் காகிதத்தையும் எடுத்துட்டுப் போ" என்று அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

அஞ்சலை கேட்டார்: "அப்ப மோர்ல தப்பு ஒண்ணும் இல்லையா அய்யா?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். தம்பியைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு அவர் கேட்டதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

"அந்தத் துணிய இப்ப எடுத்துக் குடுத்துட்டீங்களா அய்யா?"

"எந்தத் துணிம்மா?" என்றேன்.

"பாட்டிலுக்குப் போடற துணி. குடுத்தாச்சா?"

"இல்லம்மா. இன்னும் பூட்டித்தான் இருக்கு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. "நாளைக்குச் செவ்வாக்கெழம. ஆபரேசன் நாளாச்சே! நான் அங்க மூணு செவ்வாக்கெழம பாத்தேன். ரெண்டு பேரு, மூணு பேருன்னு தள்ளிக்கிட்டு வருவாங்க. அப்ப இங்க ஒக்காந்துக்கிட்டு என்னா பண்றீங்க?"

"உங்களுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க. எழுதிட்டுப் போறேன்" என்றேன்.

"சீக்கிரம் எழுதுங்க. கால் ஆறுற வரைக்கும் கட்டுப் போடணும், அதுக்கு பஸ் செலவு எனக்கு இல்ல. களத்துல எறங்குற வரைக்கும் என் கூலி. எறங்கவே முடியலைன்னா ஒக்காந்து செய்ற வேல ஒண்ணு நீங்கதான் பாத்துக் குடுக்கணும். அந்த நர்ஸம்மாவ ஒண்ணும் பண்ணக் கூடாது, நான் கத்தினப்ப ராத்திரி பூரா என் காலாண்டதான் ஒக்காந்திருந்துது. எழுதிட்டீங்களா? இந்தப் பணம் இப்ப இருக்கட்டும், அதுல கழிச்சுக்குங்க. டேய், அய்யாவ வண்டில வெச்சு பஸ்ஸுக்கு வுடு."

கிழித்த காகிதத்தின் பின்பக்கத்தில் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். கலியபெருமாள் வண்டி பூட்டினான். கடைசி பஸ் புறப்படப் போகிற நேரத்தில் மாட்டின் வாலை முறுக்கி ஓட்டினான். இறங்கும்போது, "ஒரு மாசம் பாப்பேன். அதுக்கு மேல வக்கீலுதான்" என்றான்.

அந்த ஒரு மாதம் தேவைப்படவில்லை. கமிட்டியில் காரியதரிசி கோபப்பட்டார். ஒருவருக்கு இப்படிச் செய்தால் ஊரே வரிசையில் நிற்கும் என்றார். பெரிய டாக்டர் அந்தக் கிழிந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் சரி என்று பதில் வாங்கினார். அஞ்சலைக்கு மே மாதம் வரை கூலி போயிற்று. குதிகால் ஆறியது, ஆனால் சூட்டுக் களம் ஒத்துக்கொள்ளவில்லை. மில் முதலாளியிடம் டாக்டரே போய்ப் பேசி, சாக்கு தைக்கும் இடத்தில் உட்கார்த்தினார். ரோசம்மா மேலிருந்த நடவடிக்கையை ரத்து செய்தார்கள். எனக்கு இரண்டு வருஷச் சம்பள உயர்வு நின்றது. அந்தக் குறிப்பையும் நானே எழுதினேன். ரஃப் தாள்களைக் கிழிப்பதில்லை என்று அன்றிலிருந்து வைத்தோம். காணாமல் போன நாலு உறை இன்றுவரை கிடைக்கவில்லை.

நம் பக்கத்துத் தவறுக்கு ஈடு கேட்டு ஒருவர் நம் முன்னால் உட்காரும்போது, நாம் என்ன கொடுக்கப்போகிறோம் என்பதையே யோசித்துக்கொண்டிருப்போம். அந்தத் தவறு இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. வெந்த காலோடு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தோன்றியது.

பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை. ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்து இருபதுக்கு ஸ்டோரைத் திறந்தேன். அலமாரியைத் திறந்து எட்டு உறைகளையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். ரோசம்மா அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். என்னையும் உறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"எங்க சார் கையெழுத்து போடணும்?"

"நோட்டு கொண்டு வரல" என்றேன்.

அவர் முதல் உறையை எடுத்து பாட்டிலில் மாட்டி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். இரண்டாவதை நான் எடுத்துக் கொடுத்தேன்.